உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக: லைட் வைக்கலாமா, சும்மா விடலாமா?

கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் மருந்துக்கடைக்காரனுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த ஒரு மாதத்தில் மட்டும் ஒரே மாதிரி முதுகை நாலு பேர் காட்டிவிட்டார்கள். நாலு பேர் கையிலும் டாக்டர் சீட்டு இருந்தது, சீட்டில் பிட்டிரியாசிஸ் ரோசியா என்று எழுதியிருந்தது, உடம்பில் வட்டம் வட்டமாகத் தடிப்பு வருகிற தோல் நோய் அது. கேட்ட கேள்வியும் ஒன்றுதான். "தானாப் போயிரும்னும் சொல்றாங்க, லைட் வச்சா சீக்கிரம் போயிரும்னும் சொல்றாங்க. எதைண்ணே செய்ய?"

மதுரை கோரிப்பாளையம் பக்கம் மருந்துக்கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிற மருந்தாளுநர் நான். டாக்டர் இல்லை. ஆனால் இந்த நோய்க்கு எதை வாங்கியவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். என் தங்கச்சி மகனுக்கே வந்ததால், லைட், அதாவது புற ஊதாக் கதிர், வைக்கிற அறை வரைக்கும் துணைக்குப் போயும் வந்திருக்கிறேன்.

## முதலில், இது அதுதானா?

இந்த நோய் வருகிற விதமே அதன் அடையாளம். முதலில் இடுப்பிலோ மாரிலோ முதுகிலோ ஒரே ஒரு பெரிய வட்டம் வரும். 2 செ.மீ. இருக்கலாம், 10 செ.மீ. வரைக்கும்கூடப் போகலாம். தாய்ப் படை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சின்னச் சின்ன நீள்வட்டங்கள் மார், வயிறு, முதுகு என்று பூத்துவிடும். முதுகைத் தள்ளி நின்று பார்த்தால், தென்னை மட்டையிலிருந்து ஓலை இரண்டு பக்கமும் சரிகிற மாதிரி வரிசை தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்துக்குச் சற்று உள்ளே மெல்லிய செதில் ஒரு வளையம் போட்டிருக்கும். சாதாரணப் படைக்குச் செதில் ஓரத்திலேயே இருக்கும்.

கிபேர் என்ற பிரெஞ்சு டாக்டர் 1860இல் வைத்த பெயர் இது. ரோசியா என்றால் ரோஜா நிறம். அது அவர்கள் ஊர்த் தோலுக்குச் சரி. நம் தோலில் ரோஜாவும் தெரியாது, மல்லிகையும் தெரியாது. கருஞ்சிவப்பாக, சாம்பலாக, சிலருக்கு ஊதா ஓடினாற்போலத் தெரியும். புத்தகப் படத்தோடு ஒத்துப்பார்த்து "இது அது இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நம் பக்கம் இதை வண்டுகடி, காணாக்கடி என்பார்கள். மந்திரித்து, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பார்கள். சில வாரத்தில் தோல் தெளிந்ததும் மந்திரித்தவருக்குப் பேர் கிடைத்துவிடும். தானாகப் போகிற நோயில் இதுதான் சங்கடம். கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்கே பேர், அவர் பூசாரியாக இருந்தாலும் சரி, லைட் அறை வைத்திருப்பவராக இருந்தாலும் சரி. அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இதற்கு யாரையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்கிற நோயாக டாக்டர்கள் இதைக் கருதுவதில்லை.

ஆனால் இதைப் போலவே வேடம் போடுகிற நோய்கள் இருக்கின்றன. படை, தேமல், சில மாத்திரை ஒவ்வாமை, இரண்டாம் கட்ட சிபிலிஸ், தொழுநோய் எல்லாம் அந்தக் கூட்டம். அதனால்தான் டாக்டர் செதிலைச் சுரண்டிப் பார்ப்பார், பஞ்சால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்பார், உடலுறவு வழியாகத் தொற்றுகிற சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை எழுதுவார். கல்யாணம் நிச்சயமான பையனுக்கு வி.டி.ஆர்.எல். எழுதினால் அம்மாக்காரர் டாக்டரை முறைக்கிறார். முறைக்க வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு இருந்தால் அந்தப் பரிசோதனையைத் தள்ளவே கூடாது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

விலையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, இது எத்தனையாவது வாரம் என்பதை. உடம்பு முழுக்கப் பரவிய நாளிலிருந்து எண்ணாமல், தாய்ப் படையைப் பார்த்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் போய்விடுகிறது, சிலருக்கு 12 வாரம் வரை இழுக்கிறது. இரண்டாம் வாரத்தில் வருபவருக்கு ஒரு மருத்துவத்தால் மிச்சமாகும் நாட்கள் வேறு, ஆறாம் வாரத்தில் வருபவருக்கு வேறு.

அடுத்தது அரிப்பு. தூக்கம் கெடுகிறதா, இல்லை பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கிறதா? மூன்றாவது, போன பிறகு நிற்கும் கறை. நம் நிறத் தோலில் நோயைவிடக் கறைதான் அதிக நாள் தங்குகிறது, மாதக்கணக்கில். நாலாவது பணம். அதில் பஸ் செலவையும் போன கூலியையும் சேர்க்க வேண்டும். கல்யாணம், வேலைக்கான மருத்துவப் பரிசோதனை போன்ற நாள் குறித்த காரியம் ஏதாவது இருக்கிறதா என்பது கடைசி.

## சும்மா விடுவது

சும்மா என்றால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதல்ல. வெந்நீரை விட்டுவிட்டு ஆறின தண்ணீரில் குளிப்பது, நாரும் கார சோப்பும் போடாமல் இருப்பது, குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ சாதா ஈரப்பதக் களிம்போ தடவுவது, அரித்தால் கேலமைன் லோஷன், ராத்திரி தூக்கம் கெட்டால் டாக்டர் சொன்ன செட்ரிசின் வகை மாத்திரை. சித்திரை, வைகாசியில் வியர்வை இதைக் கிளறிவிடும். பருத்திச் சட்டை, நிழல், மின்விசிறி இருந்தால் பாதி அரிப்பு அடங்கும்.

இங்கே மறைமுகச் செலவு பணமில்லை, வீட்டார் வாய். "இன்னுமா போகலை?" என்று தினம் கேட்பார்கள், மூன்றாம் வாரத்தில் புதுப் புள்ளி வரும், பொறுமை போய் ஏதாவது ஒரு கிரீமை வாங்கித் தடவிவிடுவார்கள். சும்மா விட்டவர்கள் கெட்டுப்போனதாக நான் பார்த்ததெல்லாம் இந்த வழியில்தான்.

அரிப்பு லேசாக இருப்பவர்கள், நாலு வாரம் தாண்டியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் இவர்களுக்கு நான் வேறு வழி யோசிக்கவே மாட்டேன்.

## லைட் வைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

லைட் என்று எல்லோரும் சொல்வது புற ஊதா பி கதிர். இப்போது பெரும்பாலும் குறுகிய அலைவரிசை விளக்குகள்தான், 311 முதல் 313 நானோமீட்டர். வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் வைக்கிற அதே பெட்டி. தோலுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் எதிர்ப்பு அணுக்களை அந்தக் கதிர் அடக்குகிறது, அதனால் தடிப்பும் அரிப்பும் தணிகின்றன.

தங்கச்சி மகனோடு போனபோது பார்த்தது இது. பீரோ உயரத்துக்கும் மேலே ஒரு பெட்டி. உள்ளே சுற்றிலும் ஆளுயரக் குழல் விளக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குத் துணி. ஆண்கள் ஜட்டியைக் கழற்றக் கூடாது, அந்தப் பகுதி மூடியே இருக்க வேண்டும். கதவைச் சாத்தியதும் விசிறி இரைந்தது, இடுக்கு வழியே ஊதா கலந்த நீலம் கசிந்தது. நான் செல்போனை எடுத்து மணி பார்க்கிறதுக்குள் கதவு திறந்துவிட்டது. "இதுக்கா மாமா உசிலம்பட்டியிலருந்து வந்தோம்?" என்றான். முதல் நாள் அளவு அவ்வளவு குறைவு. தாங்குகிறதா என்று பார்த்து ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பலன் என்ன? தாய்லாந்து டாக்டர்கள் 1995இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். 17 பேர். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு பாதிக்குப் புற ஊதா பி, மறு பாதிக்குப் பேருக்கு ஒரு வெளிச்சம். தானாகப் போகிற நோயில் யாருக்குப் பேர் கொடுப்பது என்று முன்னால் சொன்னேனே, அந்தச் சிக்கலை அவிழ்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஆள், ஒரே நோய், ஒரே வாரம். 10 தடவை முடிந்தபோது லைட் பட்ட பாதியில் பெரும்பாலானோருக்கு நோயின் உக்கிரம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் சில வாரம் கழித்துப் பார்த்தபோது அரிப்பிலும் சரி, நோய் ஓடிய காலத்திலும் சரி, இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசமில்லை. பின்னால் வந்த சின்ன ஆய்வுகள் சில இதைவிடக் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. இருந்தாலும் லைட் நோயின் உக்கிரத்தைக் குறைக்கும், ஆனால் நோய் ஓடுகிற காலத்தைக் குறைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதே என் கணக்கு.

இப்போது மறைமுகச் செலவுக்கு வருவோம். வாரம் 3 தடவை, அடுத்தடுத்த நாளில் வைக்கக் கூடாது. 3 வாரம் என்றால் 9 தடவை. உசிலம்பட்டிக்காரர் ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். போக 2, வர 2, மொத்தம் 36 தடவை பஸ் ஏற வேண்டும், உள்ளே நிற்கிற ஒன்றிரண்டு நிமிடத்துக்காக. தனியாரில் ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள், இடத்துக்கு இடம் மாறும். பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டினால் அந்தப் பணம் மிஞ்சும், ஆனால் காலை வரிசையில் நின்றாக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் கூலி போச்சு. லைட் வைக்க முடியுமா, எந்தெந்தக் கிழமை என்பதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

"பத்து சிட்டிங் பேக்கேஜ், மொத்தமாக் கட்டினா குறைச்சுக்கலாம்" என்று ஓரிடத்தில் எங்களிடமே கேட்டார்கள். கட்டாதீர்கள். சொரியாசிஸுக்கு அது நியாயமாக இருக்கலாம். தானாகப் போகிற நோய்க்குப் பத்துக்கும் முன்பணம் என்றால், ஆறாவது தடவை தோல் தெளிந்த பிறகும் கொடுத்த காசுக்காகப் போய் நிற்பீர்கள்.

எனக்குப் பெரிய தயக்கம் கறை. புற ஊதா பி தோலைக் கறுக்க வைக்கும். சிவந்த தோல்காரருக்கு அது இரண்டு வாரப் பளபளப்பு. நமக்கோ உடம்பு முழுக்க ஒரு சுற்றுக் கறுத்து, நோய் இருந்த இடம் இன்னும் ஒரு சுற்றுக் கூடக் கறுத்து நிற்கலாம். தங்கச்சி மகனுக்கு அப்படித்தான். நாலாவது தடவையோடு அரிப்பு அடங்கியது, நிம்மதியாகத் தூங்கினான். ஆவணிக் கல்யாணத்துக்குள் செதிலெல்லாம் போய்விட்டது. ஆனால் தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கச் சட்டையைக் கழற்றியபோது முதுகில் வட்டம் வட்டமாகக் கறை அப்படியே இருந்தது. லைட்டால் வந்ததா, நோயே விட்டுப்போனதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. லைட் வைத்தால் கறை வராது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வைப்பதென்று முடிவானால் சில விஷயங்கள். மஞ்சள் பூசிக் குளித்தாலோ களிம்பு தடவியிருந்தாலோ கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு வெயிலில் வேலை வேண்டாம். கதிர் கூடிப்போனால் அப்போதே தெரியாது, ராத்திரியிலோ மறுநாளோ தெரியும். நம் தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகப் படாது, எரிச்சலும் தொட்டால் வலியும்தான் அடையாளம். அதை மறைக்காமல் சொன்னால்தான் அடுத்த அளவைக் குறைப்பார்கள். ஒரு வாரம் போகாமல் விட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின், சில பிரஷர் மாத்திரைகள் வெளிச்சத்தோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கும், அதனால் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் காட்டுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோய் இருப்பவர்கள் அந்தப் பெட்டிப் பக்கமே போகக் கூடாது.

ஒருவர் கொரோனா காலத்தில் வாங்கிய கிருமி கொல்லும் ஊதா விளக்கை வைத்துக்கொண்டு "இதுல காட்டினா ஆகாதா?" என்றார். அது 254 நானோமீட்டர், புற ஊதா சி. கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். தயவுசெய்து வேண்டாம்.

## அசைக்ளோவிர் மாத்திரை

சின்ன வயதில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து உடம்பிலேயே தூங்கிக்கிடக்கும் ஹெர்ப்பிஸ் 6, 7 வகை வைரஸ்கள் மறுபடி விழிப்பதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று வலுவான சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் வைரஸை அடக்கும் இந்த மாத்திரை. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் தடிப்பு குறைய இது உதவக்கூடும் என்ற பக்கமே சாய்ந்தது.

வழக்கமாக எழுதப்படும் பெரிய அளவு 800 மி.கி., ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். ஆக 35 மாத்திரை. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், 5 வேளை என்பதைச் சரியாகப் பின்பற்றியவர்களை விரல் விட்டு எண்ணலாம். 3 வேளை சாப்பிட்டுவிட்டு "கேக்கலையே" என்பார்கள். இதுவும் ஆரம்ப வாரங்களிலேயே தொடங்கினால்தான் பிரயோசனம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்கவும் கூடாது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றே ஆய்வுகளில் தெரிந்தது.

ஊரிலிருந்து அடிக்கடி வரமுடியாத, இரண்டு மூன்று வாரத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட, உடம்பு நிறையத் தடிப்பு உள்ளவருக்கு லைட்டைவிட இதுதான் தோது.

## நம்ம ஊர் வெயில் போதாதா?

"மதுரையில இல்லாத வெயிலா? எதுக்குக் காசு குடுத்து லைட்?" நியாயமான கேள்விதான். ஆனால் காலை 7 மணி இளவெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. அது நிறைய இருக்கிற உச்சி வெயிலில் நின்றால் வியர்த்து அரிப்பு இரண்டு மடங்காகும், எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கவும் வழியில்லை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பி கதிர் உள்ளேயே வராது, கறுக்க வைக்கிற ஏ கதிர் மட்டும் வரும். கறையைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ளும் வழி இது.

## கடையில் கேட்டு வாங்கும் கிரீம்

வேண்டாம். ஸ்டீராய்டும் படை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த அந்த ட்யூபைத் தடவினால் நாலு நாள் அடங்கின மாதிரி தெரியும். உண்மையில் அது படையாக இருந்தால் உருமாறிப் பரவி, பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். 2018இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டத்தை இறுக்கினார்கள். அதன் பிறகும் எங்கள் தொழிலில் சிலர் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு. தங்கச்சி மகனும் முதலில் தடவியது அதைத்தான், ஊரில் ஒரு கடையில் வாங்கி. அரிப்புக்கு டாக்டரே பார்த்து மிதமான ஸ்டீராய்டு களிம்பை இத்தனை நாள் என்று எழுதினால் அது வேறு விஷயம்.

## ஒரே பார்வையில்

| | சும்மா விடுவது | லைட் | அசைக்ளோவிர் |
|---|---|---|---|
| எந்த வாரத்தில் | எப்போதும் | 2 முதல் 4 வரை | முடிந்தவரை சீக்கிரம் |
| அரிப்புக்கு | லோஷன், மாத்திரையால் ஓரளவு | சிலருக்கு நன்றாக அடங்கும் | தடிப்பு குறையும்போது சேர்ந்து குறையலாம் |
| கறை | வரலாம் | வரலாம், கூடவும் கூடலாம் | வரலாம் |
| அலைச்சல் | இல்லை | வாரம் 3 தடவை | ஓரிரு தடவை |
| யாருக்கு | பெரும்பாலானோருக்கு | தூக்கம் போன, உடம்பு நிறைந்த, ஊருக்குள் இருக்கிறவருக்கு | ஆரம்பத்திலேயே வந்த, அலைய முடியாதவருக்கு |

கர்ப்பிணிகளுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. முக்கியமாக முதல் 15 வாரத்துக்குள் இந்தத் தடிப்பு வந்தால் தோல் டாக்டரிடமும் பிரசவ டாக்டரிடமும் அன்றைக்கே காட்ட வேண்டும். கருவுக்குத் தொந்தரவு வரலாம் என்று சில தகவல்கள் இருக்கின்றன. அதேபோல 12 வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் "லைட்டைக் கூட்டலாமா" என்று கேட்காமல், நோயின் பெயரே சரிதானா என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சின்னத் துண்டுத் தோலை எடுத்துச் சோதிப்பார்கள்.

போன வாரம் மேலூரிலிருந்து ஒரு அக்கா, காலேஜ் படிக்கிற மகளோடு வந்தார். லைட்டுக்கு எந்த இடம் நல்லது என்று கேட்டார். முதல் வட்டம் எப்போம்மா வந்துச்சு என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். செல்போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு போட்டோவைக் காட்டியது. படையா என்று தோழிக்கு அனுப்பிக் கேட்ட படம், தேதியோடு இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஆறாம் வாரம். கையில் இருந்த வட்டங்களில் பாதி ஏற்கெனவே செதில் உதிர்ந்து வெறும் நிழலாக இருந்தன. லைட்டை இப்போதைக்கு விடுங்க, எதுக்கும் உங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க என்றேன். கேலமைன் ஒரு பாட்டிலும் அவர் எழுதியிருந்த மாத்திரையில் ஒரு அட்டையும் வாங்கிக்கொண்டு, மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்க இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள்.